மனநல மருத்துவமனையில் நோயாளி உரிமை உதவிப் பிரிவு: யாருக்குக் கீழே இருக்க வேண்டும்?

கொங்குமலர் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். நான் மனநல சமூகப் பணியாளர். கொங்குப் பகுதியில் ஓர் அறக்கட்டளை நடத்தும் மனநல மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். உள்நோயாளிகளுக்காக ஓர் உரிமை உதவிப் பிரிவைத் தொடங்கும்படி நிர்வாகம் சொல்லியிருக்கிறது. பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தைப் படித்துவிட்டேன், உரிமைப் பட்டியலைச் சுவரில் ஒட்டியும் ஆயிற்று. அதற்கு மேல்தான் குழப்பம்.

நிர்வாகத்தின் வரைவில் இந்தப் பிரிவு மருத்துவக் கண்காணிப்பாளருக்குக் கீழே வருகிறது. புகார்ப் பதிவேடு தலைமைச் செவிலியரின் அறையில் இருக்கும். உரிமை உதவியாளர்களாக வரப்போகிறவர்கள் இப்போது வார்டில் இருக்கும் இரண்டு சமூகப் பணியாளர்கள். அதுவும் பாதி நேரம்தான். இது சரிவருமா?

இன்னொரு சந்தேகம். நோயாளி வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறார். குடும்பம் இப்போது வேண்டாம் என்கிறது. மருத்துவர் இன்னும் சில வாரம் இருக்கட்டும் என்கிறார். அப்போது என் ஆள் யார் பக்கம் பேச வேண்டும்? எங்கள் கூட்டத்தில் எல்லோரும் "நோயாளியின் நலன் பக்கம்" என்றார்கள். குடும்பத்தைக் கேட்டாலும், மருத்துவரைக் கேட்டாலும் அதையேதானே சொல்வார்கள்?

வைகைக்கரை வழக்கறிஞர்

மேடம், முதலில் அந்த வரைவைத் திருப்பி அனுப்புங்கள். சட்டத்தின் 28-ஆம் பிரிவின்படி, சிகிச்சையிலோ சேவையிலோ குறை இருந்தால் நோயாளி முதலில் மருத்துவமனைப் பொறுப்பாளரிடம் புகார் செய்யலாம். அங்கே தீராவிட்டால் மனநல மறுஆய்வு வாரியம், அதிலும் நிறைவில்லை என்றால் மாநில மனநல ஆணையம். முதல் படியில் உட்கார்ந்திருப்பவருக்கு உங்கள் பிரிவு அடங்கியிருந்தால், "இவர் பதில் போதாது, வாரியத்துக்குப் போகலாம்" என்று எந்த ஊழியர் நோயாளியிடம் சொல்வார்? அந்த ஊழியரின் சம்பள உயர்வுக்குப் பரிந்துரை எழுதுபவரே அவர்தான்.

யார் பக்கம் என்ற கேள்விக்கு வருகிறேன். அந்த நோயாளி எந்தப் பிரிவில் சேர்க்கப்பட்டார் என்று தெரிந்தாலே பாதிப் பதில் கிடைத்துவிடும். 86-ஆம் பிரிவின்படி தானாக வந்து சேர்ந்தவர் என்றால், அவர் கேட்கும்போது டிஸ்சார்ஜ் செய்ய வேண்டும். நிறுத்திவைக்கக் காரணம் இருப்பதாக மருத்துவக் குழு கருதினால் மதிப்பீட்டுக்காக 24 மணி நேரம் வரை வைக்கலாம், அவ்வளவுதான். 89-ஆம் பிரிவு, அதாவது நியமனப் பிரதிநிதி (நோயாளி தேர்ந்தெடுத்த, இல்லாவிட்டால் சட்டப்படி வரும், அவர் முடிவுகளுக்குத் துணை நிற்பவர்) விண்ணப்பித்துச் சேர்க்கப்பட்டவர் என்றால் கதை வேறு. ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநல நிபுணரோ மருத்துவரோ ஒருவரும் தனித்தனியாகப் பார்த்திருக்க வேண்டும். கூடியபட்சம் 30 நாள். சேர்த்த 7 நாளுக்குள் வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். பெண்ணாகவோ 18 வயதுக்குக் குறைந்தவராகவோ இருந்தால் 3 நாளுக்குள். சேர்க்கையை எதிர்த்து நோயாளி மனுச் செய்தால் வாரியம் 7 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

பல மருத்துவமனைகளில் கேஸ் ஷீட்டில் "தானாக வந்தார்" என்று எழுதியிருக்கும். உள்ளே போய்க் கேட்டால், மாமனும் மச்சானும் காரில் தூக்கிப்போட்டுக் கொண்டுவந்த கதை வெளிவரும். உங்கள் ஆட்கள் செய்ய வேண்டிய முதல் வேலை இதைச் சரிபார்ப்பதுதான். சுவரொட்டியெல்லாம் பிறகு.

பழைய டாக்டர்

நான் மனநல மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன். வழக்கறிஞர் ஐயா சொன்ன பிரிவுகள் எல்லாம் சரி. ஆனால் அவற்றை எழுதியவர்கள் ராத்திரி இரண்டு மணிக்கு வார்டில் நின்றிருக்க மாட்டார்கள்.

பித்து நிலையில் ஒருவர் வருகிறார். தூக்கம் போய் ஒரு வாரமாகிறது. வீட்டுக்குப் போனதும் நிலத்தை விற்றுத் தொழில் தொடங்குவேன் என்கிறார். உங்கள் உரிமை உதவியாளர் பக்கத்தில் உட்கார்ந்து "இவர் வீட்டுக்குப் போக விரும்புகிறார்" என்று எனக்குச் சொல்வாரா? அது எனக்கே தெரியுமே, காலையிலிருந்து கத்திக்கொண்டுதானே இருக்கிறார்! மூன்று வாரம் கழித்துத் தெளிந்த பிறகு, "என்னை ஏன் சார் அன்றைக்கு விடாமல் வைத்திருந்தீர்கள், நல்லவேளை" என்று கை பிடித்துச் சொன்னவர்கள் எத்தனையோ பேர். நோய் பேசுவதையும் மனிதர் பேசுவதையும் பிரித்துப் பார்க்கப் பயிற்சி வேண்டும். அது இல்லாதவர் நடுவில் வந்தால் மருத்துவருக்கும் நோயாளிக்கும் உள்ள நம்பிக்கைதான் கெடும்.

பழைய உள்நோயாளி

டாக்டர் சார், எனக்கு இருமுனைக் கோளாறு. நீங்கள் சொன்ன அந்த நிலத்தை விற்கிற ஆள் நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு என்னை நிறுத்திவைத்தது சரி என்றே இன்று நானும் சொல்வேன்.

ஆனால் உள்ளே இருந்தபோது நான் கேட்டதில் "வீட்டுக்கு விடுங்கள்" என்பது ஒன்றுதான் எல்லோர் காதிலும் விழுந்தது. என் மூக்குக் கண்ணாடியைப் "பாதுகாப்புக்காக" வாங்கி வைத்துவிட்டார்கள். அது இல்லாமல் எதிரே வருபவர் யாரென்றுகூட எனக்குத் தெரியாது. அதைப் "பதற்றம், சந்தேகம்" என்று எழுதினார்கள். குளியலறைக்குத் தாழ்ப்பாள் இல்லை, வாசலில் பெண் ஊழியர் நிற்க வேண்டும் என்று கேட்டேன். மாத்திரையால் எச்சில் வழிந்து தலையணை நனைந்துவிடும், மாற்று உறை கேட்டேன். கை நடுங்கித் தட்டில் குழம்பு சிந்தியது, கிண்ணத்தில் கொடுங்கள் என்றேன். எல்லாவற்றுக்கும் கிடைத்த பதில் "டாக்டரிடம் சொல்கிறோம்." ரவுண்ட்ஸில் டாக்டர் என் கட்டிலருகே நிற்பது இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் தலையணை உறையைப் பற்றியா பேசுவேன்?

நோய் பேசுகிறதா, ஆள் பேசுகிறாரா என்று தரம் பிரிக்கும் வேலையை உரிமை உதவியாளரிடம் கொடுக்காதீர்கள் மேடம். அதைச் செய்ய அங்கே எல்லோரும் இருக்கிறார்கள். நான் சொன்னதை நான் சொன்னபடியே எழுதிக்கொண்டு போய்ப் பதிலோடு திரும்பி வரும் ஒருவர்தான் எனக்கு இல்லை. பதில் "முடியாது" என்றாலும் பரவாயில்லை, அதை யாராவது வந்து சொல்ல வேண்டும்.

வைகைக்கரை வழக்கறிஞர்

அம்மா சொன்னதை வரைவின் முதல் பக்கத்திலேயே போட்டுவிடலாம்.

டாக்டர் ஐயாவுக்கு ஒரு விளக்கம். 4-ஆம் பிரிவு, ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் உண்டு என்பதிலிருந்துதான் தொடங்குகிறது. மற்றவர்களுக்குத் தவறாகத் தெரிகிறது என்பதற்காக மட்டும் ஒரு முடிவைத் திறனில்லாத முடிவு என்று சொல்லிவிடவும் முடியாது. திறன் இல்லை என்று நீங்கள் மதிப்பிட்டால், அந்தச் சிகிச்சையைப் பொறுத்த முடிவில் நியமனப் பிரதிநிதியின் துணை வருகிறது. அப்போதும் அவருக்காகப் பேச ஆள் இருப்பதற்குச் சட்டத்தில் தடை இல்லை. கொலை வழக்கில் ஆஜராகும் வக்கீல் கட்சிக்காரர் சொல்வதை நம்ப வேண்டும் என்று யாராவது கேட்கிறோமா?

தகப்பன்

என் மகனுக்கு மனச்சிதைவு. அவனுக்கு இப்போது முப்பது வயது தாண்டிவிட்டது. இந்த இழையைப் படிக்கும்போது, குடும்பம் என்றால் காரில் தூக்கிப்போட்டுக் கொண்டுவரும் கூட்டம் என்று தோன்றுகிறது. ஐயா, தூக்கிப்போட்டுக் கொண்டுபோனவன்தான் நான். அவன் சாப்பிட்டு நான்கு நாள் ஆகியிருந்தது. அன்றைக்கு ஒரு பிரிவின் பெயரும் எனக்குத் தெரியாது.

டிஸ்சார்ஜ் ஆனபின் மாத்திரை கொடுப்பது யார்? பக்கத்து வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்பது யார்? உரிமை உதவியாளர் அன்றைக்கு எங்கே இருப்பார்? உங்கள் பிரிவில் குடும்பத்துக்கும் ஓர் ஆளை வையுங்கள். எங்கள் தரப்பைக் கேட்கவும் ஆள் வேண்டும்.

ஈஸ்ட்ஹாம் இரவி

தகப்பன் ஐயா கேட்பது நியாயம். ஆனால் குடும்பத்துக்கு வேறொருவர் இருக்க வேண்டும். ஒரே ஆள் இரண்டு பக்கமும் பேசினால் இரண்டு பக்கமும் அவரை நம்பாது.

நான் லண்டனில் இந்த வேலையில் இருப்பவன். இங்கிலாந்தில் 1983 மனநலச் சட்டத்துக்கு 2007-இல் வந்த திருத்தத்தின்படி, 2009 ஏப்ரல் முதல் கட்டாய சிகிச்சையில் வைக்கப்பட்டவர்களுக்குச் சுயேச்சையான மனநல உரிமைப் பணியாளரின் உதவி கிடைக்கச் செய்வது சட்டக் கடமை. எங்களுக்குச் சம்பளம் தருவது மருத்துவமனை இல்லை. உள்ளாட்சி மன்றம் வெளியமைப்புக்குப் பணம் தருகிறது, அந்த அமைப்பு எங்களை வேலைக்கு வைக்கிறது. வார்டில் நோயாளியைத் தனியாகச் சந்திக்கலாம். அவர் சம்மதித்தால் மருத்துவப் பதிவுகளைப் பார்க்கலாம். இந்த நோயாளிகளுக்கு எங்களைப் பற்றிச் சொல்ல வேண்டிய கடமை மருத்துவமனைக்கு உண்டு.

நடைமுறையில் ஓட்டை எங்கே என்றால், நோயாளி கேட்டால்தான் நாங்கள் வருவோம். கேட்கத் தெரிந்தவர், ஆங்கிலம் தெரிந்தவர், குரல் உயர்த்துபவர் கேட்பார். போர்வைக்குள் முகத்தை மூடிப் படுத்திருப்பவர் கேட்கவே மாட்டார். 2018-இல் சைமன் வெஸ்லி தலைமையிலான ஆய்வுக்குழு இதைத்தான் மாற்றச் சொன்னது: எல்லோருக்கும் உதவியாளர் தானாகவே வரட்டும், வேண்டாம் என்பவர் சொல்லி விலகட்டும் என்று. கொங்குமலர் அம்மா, நீங்கள் புதிதாகத் தொடங்குவதால் இதை முதல் நாளிலிருந்தே வைத்துவிடலாம். சேர்ந்த சில நாளுக்குள் ஒவ்வொருவரையும் போய்ப் பாருங்கள், கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

ஒரு கிளைக்கதை. இங்கே தமிழ் நோயாளி வந்தால் மொழிபெயர்க்கக் கணவரையோ அண்ணனையோ கூப்பிட்டுவிடுவது ஊழியர்களுக்கு வசதி. இலங்கையிலிருந்து வந்த ஒரு பெண் அரை மணி நேரம் பேசினார். கூட வந்தவர் "அவவுக்கு நித்திரை வருதில்லையாம்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டார். உங்கள் ஊரில் எல்லோரும் தமிழ்தானே என்று விட்டுவிடாதீர்கள். திருப்பூர் ஆலைகளிலிருந்து ஒடியாவும் இந்தியும் பேசுபவர்கள் உங்களிடமும் வருவார்கள்.

டெட்ராய்ட் செவிலியர்

மிச்சிகனிலிருந்து ஒரு குறிப்பு. இங்கே மனநல மருத்துவமனைகளிலும் சமூக மனநல அமைப்புகளிலும் உரிமை அலுவலகம் இருந்தாக வேண்டும் என்று மாநில மனநலச் சட்டமே சொல்கிறது. அதன் தலைவருக்கு நேரடி சிகிச்சைப் பொறுப்பு எதுவும் இருக்கக் கூடாது. நிறுவனத்தின் தலைமை அதிகாரிக்கு மட்டும்தான் அவர் பதில் சொல்வார். புதிதாகச் சேரும் ஊழியர் 30 நாளுக்குள் உரிமைப் பயிற்சி முடிக்க வேண்டும். துப்புரவுப் பணியாளருக்கும் இதே விதிதான்.

ஆக, மருத்துவமனைக்கு உள்ளேயே இருந்தாலும் நடத்தலாம். ஆனால் அந்த இரண்டு சமூகப் பணியாளர்கள் காலையில் சிகிச்சைக் குழுவிலும் மதியம் உரிமைப் பிரிவிலும் இருப்பது கூடவே கூடாது. காலையில் "இவரை வைத்திருக்கலாம்" என்று தலையாட்டிய அதே ஆளிடம் மதியம் போய் அந்த நோயாளி என்ன சொல்வார்?

பழைய டாக்டர்

பழைய உள்நோயாளி அம்மா சொன்ன கண்ணாடி விஷயம் என்னைத் தைத்தது. "பதற்றம், சந்தேகம்" என்று நானும் எழுதியிருப்பேன்.

இருந்தாலும் இரண்டு நிபந்தனை வைக்கிறேன். ஒன்று, ரவுண்ட்ஸ் நடுவில் வாதம் வேண்டாம். உதவியாளர் முன்கூட்டியே நோயாளியோடு உட்கார்ந்து, அவர் கேட்பதை அவருடைய சொற்களிலேயே ஒரு பக்கம் எழுதிக் கொண்டுவரட்டும். நான் அதே தாளில் பதில் எழுதுகிறேன். இரண்டாவதுதான் பெரியது. "யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று ஒரு நோயாளி உதவியாளரிடம் தற்கொலைத் திட்டத்தைச் சொல்கிறார். அப்போது என்ன செய்வார்?

ஈஸ்ட்ஹாம் இரவி

முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவோம் சார்: "நீங்கள் சொல்வது என்னோடு இருக்கும். உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும் நான் பேசியாக வேண்டும். அப்படிப் பேசுவதற்கு முன் முடிந்தவரை உங்களிடம் சொல்வேன்." இதைச் சொன்ன பிறகும் அவர்கள் பேசத்தான் செய்கிறார்கள். எங்கள் குறிப்பேடு தனி. கேஸ் ஷீட்டில் அதிலிருந்து ஒரு வரியும் போகாது.

இரவுப் பணி

நான் மனநல வார்டுச் செவிலியர். எங்கள் பக்கத்தையும் யாராவது எழுதுவார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒருவரும் எழுதவில்லை.

எங்கள் வார்டில் இரவில் ஒரு செவிலியர், இரண்டு உதவியாளர்கள். ஒருவர் சுவரில் தலையை மோதுகிறார், இன்னொருவருக்கு வலிப்பு. 97-ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியும். வேறு வழியே இல்லாத உடனடி ஆபத்தில்தான் நோயாளியைக் கட்டலாம், மனநல மருத்துவரின் அனுமதி வேண்டும், தண்டனையாகவோ ஆள் பற்றாக்குறைக்காகவோ கட்டக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் நியமனப் பிரதிநிதிக்குச் சொல்ல வேண்டும், மாதந்தோறும் வாரியத்துக்குக் கணக்குப் போக வேண்டும். எல்லாம் சரி. ஆள் பற்றாக்குறைக்காகக் கட்டாதே என்று சட்டம் சொல்கிறது. ஆளை யார் தருவார்கள்?

உரிமைப் பிரிவு வந்தால் எங்கள் தவற்றை எழுத ஒரு உளவாளி வந்துவிட்டார் என்றுதான் வார்டில் பேசுவார்கள். அதனால் பதிவேட்டின் உண்மையே குறையும். கட்டியதை எழுதாமல் விட்டுவிடுவார்கள்.

வைகைக்கரை வழக்கறிஞர்

சிஸ்டர், நீங்கள் சொன்னதிலேயே ஓர் ஆயுதம் இருக்கிறது. உரிமைப் பிரிவின் மாத அறிக்கையில், ஒவ்வொரு முறை கட்டப்பட்டபோதும் அந்த ஷிப்டில் எத்தனை பேர் பணியில் இருந்தார்கள் என்று ஒரு கட்டம் சேருங்கள். ஊழியர் பெயர் வேண்டாம். ஆறு மாதம் கழித்து எல்லாம் இரவுப் பணியில், ஒரே ஒரு செவிலியர் இருந்த நேரத்தில் என்று தெரியவந்தால், "இன்னும் ஆள் வேண்டும்" என்று நீங்கள் பல வருடமாகக் கேட்டது நிர்வாகத்தின் கையெழுத்தோடு வாரியத்துக்குப் போகும்.

கீழக்கரை

ராமநாதபுரம் மாவட்டத்துக்காரன். கட்டுவது பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. அவர்களில் பலரைக் குடும்பமே நம்பிக் கொண்டுவந்து விட்டிருந்தது. சங்கிலியை மறைத்தும் வைக்கவில்லை, வருவோர் போவோர் எல்லாம் பார்த்ததுதான். இன்று 95-ஆம் பிரிவு எந்த வடிவிலும் சங்கிலி கூடாது என்கிறது. ஆனால் பார்த்துப் பழகிய கண்ணுக்குச் சட்டம் தானாகத் தெரியாது. அதனால் உங்கள் உதவியாளர்களில் ஒருவராவது மருத்துவமனை வேலையே பார்க்காத வெளியாளாக இருக்கட்டும் அம்மா.

கொங்குமலர்

அனைவருக்கும் நன்றி. இந்த இழையை அச்செடுத்து நிர்வாகக் கூட்டத்துக்குக் கொண்டுபோனேன். பெயர்கள் இல்லாமல்தான்.

கிடைத்தவை: பிரிவு இனி அறங்காவலர்களில் ஒருவருக்கு நேரடியாகப் பதில் சொல்லும், அவர் மருத்துவர் அல்லர். பதிவேடு தலைமைச் செவிலியர் அறையிலிருந்து வெளியே வந்துவிட்டது. சேர்ந்த மூன்றாம் நாளுக்குள் ஒவ்வொருவரையும் சந்திப்போம். இரண்டு சமூகப் பணியாளர்களில் ஒருவரை வார்டுப் பணியிலிருந்து முழுமையாக விடுவித்தார்கள். மற்றவருக்குப் பதிலாக, ஏற்கெனவே சிகிச்சை பெற்று நலமாக இருக்கும் ஒருவரைப் பகுதி நேரமாக எடுக்கலாமா என்று கேட்டேன். "யோசிக்கலாம்" என்றார்கள். அந்த "யோசிக்கலாம்" எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும்.

கிடைக்காதவை: சம்பளம் மருத்துவமனையிலிருந்துதான். வெளியமைப்பு வைக்கப் பணம் இல்லை. குடும்பத்துக்குத் தனி ஆள் என்பதும் இப்போதைக்கு இல்லை. வாரம் ஒரு குடும்பக் கூட்டம் மட்டும் நடக்கும். தகப்பன் ஐயா மன்னிக்க வேண்டும்.

இப்போது நிர்வாகம் ஓர் இலக்கு கேட்கிறது. "ஆறு மாதத்தில் புகார்கள் பாதியாகக் குறைய வேண்டும்" என்று எழுதித் தரச் சொல்கிறார்கள்.

டெட்ராய்ட் செவிலியர்

எழுதித் தராதீர்கள்! புகாரைக் குறைப்பது மிக எளிது, பதிவேட்டை மறுபடி தலைமைச் செவிலியர் அறையில் வைத்தால் போதும். நன்றாக நடந்தால் முதலில் புகார் கூடத்தான் செய்யும். சேர்ந்தவர்களில் எத்தனை பேரை நேரத்துக்குள் சந்தித்தீர்கள், கேட்டதற்குப் பதில் வர எத்தனை நாள், ஒரே குறை எத்தனை பேரிடமிருந்து வந்தது என்பதை எழுதுங்கள்.

வைகைக்கரை வழக்கறிஞர்

இன்னும் இரண்டைச் சேருங்கள். எத்தனை பேர் தாங்களே நியமனப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுத்து எழுதிக் கொடுத்தார்கள்? வெள்ளைத்தாளில் கையெழுத்தோ கைநாட்டோ போதும், முத்திரைத்தாள் தேவையில்லை. பிறகு மாற்றவும் செய்யலாம். எழுதிக் கொடுக்காவிட்டால் உறவினர் என்ற வரிசைப்படி யாராவது தானாக அந்த இடத்துக்கு வந்துவிடுவார். யாருடன் தகராறோ அவரே வந்த கதைகளும் உண்டு.

இன்னொன்று, உடல்நலம் தேறியும் குடும்பம் அழைத்துப்போகாததால் மட்டும் எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள்? 19-ஆம் பிரிவு அதைக் காரணமாக ஏற்பதில்லை. உங்கள் பிரிவுக்கு அதிக நேரம் பிடிக்கும் வேலை இதுவாகத்தான் இருக்கும். பழைய முகவரி, மாறிப்போன ஆதார், ரேஷன் கார்டிலிருந்து நீக்கிய பெயர் என்று அலைய வேண்டும்.

சம்பளம் மருத்துவமனையிடம் என்பதற்கு ஒரு மாற்று மருந்து: மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குக் கடிதம் எழுதி, மாதம் ஒருமுறை சட்டத் தன்னார்வலரை வார்டுக்கு வரச் சொல்லுங்கள். மனநல மருத்துவமனையில் வைக்கப்பட்டிருப்பவருக்கு இலவச சட்ட உதவி 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்திலேயே உண்டு, வருமான வரம்பு பார்ப்பதில்லை. மனநலச் சட்டத்தின் 27-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது; அந்த உரிமையை நோயாளியிடம் எடுத்துச் சொல்வது மருத்துவமனைப் பொறுப்பாளரின் கடமை. இலவச சட்ட உதவிக்கான 15100 என்ற தொலைபேசி எண்ணையும் வார்டில் எழுதி வையுங்கள்.

தகப்பன்

வாரம் ஒரு கூட்டம் நல்லதுதான் அம்மா. ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். கூலி வேலைக்குப் போகிறவர்கள் செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு வர மாட்டார்கள். வராவிட்டால் "குடும்பத்துக்கு அக்கறை இல்லை" என்று எழுதிவிடுவார்கள்.

பழைய உள்நோயாளி

15100 எழுதி வைப்பது சரி, போன் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நான் இருந்த இடத்தில் செவிலியர் மேசைக்கு மேலேயே இருந்தது. யாருக்கு என்ன பேசினாலும் நான்கு பேர் காதில் விழும். 26-ஆம் பிரிவில் போன் பேசும் உரிமை இருக்கிறது என்று வெளியே வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு கம்பியில்லாத போன் வாங்கித் தரச் சொல்லுங்கள் மேடம். நிர்வாகம் அதற்கும் "யோசிக்கலாம்" என்றால், விலையை நான் விசாரித்து இங்கேயே எழுதுகிறேன்.